ஒட்டுக்கேட்கும் அரசை நாடாளுமன்றத்தால் ஏன் தட்டிக் கேட்க முடிவதில்லை?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரம் அவ்வளவு பெரிதாக வெடித்த பிறகும் நாடாளுமன்றத்தால் ஏன் எதையும் வெளிக்கொண்டுவர முடியவில்லை என்பது முதல் பகுதி. அமெரிக்காவில் இருப்பதைப் போல உளவு அமைப்புகளை மேற்பார்வையிட ஒரு நாடாளுமன்றக் குழுவை அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பது தொடர்பான நம் சட்டங்கள் எவற்றிலும் நாடாளுமன்றத்துக்கு ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படாத வேலையை அது செய்யாமல் போனதில் வியப்பில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழு இருந்தும் ஏமாற்றப்பட்ட நாடாளுமன்றங்களின் வரலாறு நீளமானது.

முதலில் நம் நாட்டில் ஒட்டுக்கேட்பு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் நீண்ட காலம் இதற்கு அடிப்படை. பொது நெருக்கடி அல்லது பொதுமக்களின் பாதுகாப்பு என்ற நிலைமை இருந்தால், நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத் தூண்டுதலைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்காகச் செய்திகளை இடைமறிக்கலாம் என்று அது சொல்கிறது. யார் உத்தரவிடுவது, எத்தனை நாளைக்கு, பிறகு யார் சரிபார்ப்பது என்பதற்கெல்லாம் விதி வகுக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதற்கென விதியே வகுக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் நடந்தவை ஏராளம். 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது தொலைபேசி ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டால்தான். அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை 1991இல் ஓர் இதழில் வெளியானதையடுத்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வழக்கில் 1996 டிசம்பர் 18ஆம் தேதி வந்த தீர்ப்புதான் இன்றைய நடைமுறையின் தாய். உள்துறைச் செயலாளர் மட்டத்தில்தான் உத்தரவு பிறக்க வேண்டும், அதற்குக் கால வரம்பு வேண்டும், ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. ஆனால் ஒட்டுக்கேட்பதற்கு முன்பே நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்ற கோரிக்கையை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்ற காரணத்தால் அது ஏற்கவில்லை. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருந்தது, நாடாளுமன்றம் திருத்தவில்லை. தீர்ப்பில் இருந்ததை ஒட்டி நிர்வாகமே எழுதிக்கொண்ட 419ஏ என்ற விதி, 2007இல் முழு வடிவம் பெற்றது.

அந்த விதியைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். உத்தரவிடுபவர் மத்தியில் உள்துறைச் செயலாளர். மறுஆய்வு செய்பவர்கள் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் ஆகிய மூவர். மாநிலத்தில் உத்தரவு மாநில உள்துறைச் செயலாளருடையது. சரிபார்ப்பது தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு. கேட்பவரும் அனுமதிப்பவரும் சரிபார்ப்பவரும் ஒரே நிர்வாகத்தின் அலுவலர்கள். நீதிபதி ஒருவரும் இல்லை, மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

அந்த மூவரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் முன் குவியும் வேலை எவ்வளவு என்று பாருங்கள். மத்திய உள்துறையிலிருந்து மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிக்கப்படுகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த ஒரு பதில் சொன்னது. மறுஆய்வுக் குழு குறைந்தது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளை அது பார்க்க வேண்டியிருக்கும் என்று நீதியரசர் பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. மூன்று செயலாளர்களும் வேறு கோப்பு எதையும் தொடாமல் நாள் முழுக்க எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் கிடைப்பது 28,800 விநாடிகள். ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடிகூட வராது. அந்த நேரத்தில் பெயரைப் படிக்கலாம். அந்தப் பெயருக்குரியவரின் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்ற காரணத்தைப் படிக்க முடியாது. நாட்டில் பல லட்சம் மணி நேரத் தனிப்பேச்சுக்குக் காவலாக இருப்பது இந்த இரண்டு விநாடிதான் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதைக்கிறது.

இதைச் சரிசெய்யும் வாய்ப்பு 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகு வந்தது. நடந்ததோ வேறு. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி., அமலாக்கத்துறை, சி.பி.ஐ., டெல்லி காவல் ஆணையர் உள்பட பத்து அமைப்புகளுக்குக் கணினிகளில் உள்ளதை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அதிகாரம் அளித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2023 டிசம்பரில் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 18ஆம் தேதி மக்களவையில் அறிமுகமான அந்த மசோதா எந்தக் குழுவின் ஆய்வுக்கும் அனுப்பப்படாமல் 21ஆம் தேதிக்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர். ஒட்டுக்கேட்பு அதிகாரம் ஏறக்குறைய பழைய சொற்களிலேயே புதிய சட்டத்தின் 20(2) பிரிவில் அமர்ந்தது. 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் செயலாளர்களை உத்தரவிட வைத்து, செயலாளர்களையே சரிபார்க்க வைக்கும் ஏற்பாடு மாறவில்லை.

தொலைத்தொடர்புச் சட்டத்தோடு அதே 2023 டிசம்பரில் நிறைவேறிய அஞ்சல் சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடிதங்களை இடைமறிக்க அரசுக்குப் பரந்த அதிகாரம் கொடுத்த அஞ்சல் சட்டத் திருத்த மசோதா 1986இல் இரு அவைகளிலும் நிறைவேறியபோது, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையெழுத்திடாமலே வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த, தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தைச் சேர்ந்த ஆர். வெங்கட்ராமன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அந்த மசோதா சட்டமாகவே இல்லை. 37 ஆண்டுகளுக்குப் பிறகு, எந்த அஞ்சலையும் இடைமறிக்கவும் பிரிக்கவும் நிறுத்திவைக்கவும் இடம் தரும் 9ஆம் பிரிவோடு புதிய சட்டம் வந்தபோது அப்படி ஒரு தடங்கல் எழவில்லை.

இனி பெகாசஸ். இஸ்ரேலைச் சேர்ந்த என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் அந்த உளவு மென்பொருள், செய்தியாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், செயற்பாட்டாளர்கள் முதலானோரின் கைப்பேசிகளைக் குறிவைத்ததாக 2021 ஜூலை 18 அன்று பல நாட்டுப் பத்திரிகைகள் ஒரே நேரத்தில் செய்தி வெளியிட்டன. மறுநாள் மக்களவையில் பேசிய தகவல் தொழில்நுட்ப அமைச்சர், நம் சட்டத்தில் உள்ள கட்டுப்பாடுகளால் முறைகேடான கண்காணிப்பு நடக்க வாய்ப்பில்லை என்றார். அவர் குறிப்பிட்ட கட்டுப்பாடு, மேலே நாம் கணக்குப் போட்டுப் பார்த்த அதே மறுஆய்வுதான். இதை விசாரிக்க நாடாளுமன்றத்தின் கையில் இருந்த கருவி தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு. அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சசி தரூர். ஜூலை 28ஆம் தேதி கூட்டம் கூட்டப்பட்டது. அமைச்சக அதிகாரிகள் வர வேண்டும் என்று அழைப்பும் போனது. அன்று நடந்ததை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அறைக்கு வந்தார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட மறுத்தார்கள். 31 பேர் கொண்ட குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்து இல்லாததால் கோரம் இல்லை, கோரம் இல்லாததால் கூட்டம் இல்லை. அதிகாரிகளும் வரவில்லை. ஒரு பதிவேட்டில் விழாமல் போன சில கையெழுத்துகளோடு நாட்டின் நாடாளுமன்ற விசாரணை முடிந்தது.

கூட்டம் நடந்திருந்தாலும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதும் சந்தேகமே. மக்களவையின் நடைமுறை விதிகளில் 270ஆம் விதி குழுக்களுக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அதிகாரம் தருகிறது; ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு விளையும் என்ற காரணம் சொல்லி ஓர் ஆவணத்தைத் தர அரசு மறுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. உளவு தொடர்பான எந்தத் தாளுக்கும் இந்தக் காரணம் பொருந்தும். இதற்கு மேல், ஒட்டுக்கேட்புப் பதிவுகள் தேவையில்லாதபோது ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழிக்கப்பட வேண்டும் என்பது விதி. பொதுமக்களின் பேச்சு அரசுக் கிடங்கில் கிடக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் உண்டு. ஆனால் பேச்சின் பதிவோடு உத்தரவின் தாளும் சேர்ந்தே அழிக்கப்படுவதால், பின்னாளில் விசாரிக்க வருபவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

நாடாளுமன்றம் நின்ற இடத்திலிருந்து உச்ச நீதிமன்றம் தொடர்ந்தது. தேசியப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னவுடன் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளாது என்று கூறி, 2021 அக்டோபர் 27 அன்று நீதியரசர் ஆர்.வி. ரவீந்திரனின் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. 29 கைப்பேசிகள் ஆராயப்பட்டன. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி திறந்த நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். மென்பொருளை வாங்கினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு நேரடியான ஒரு பிரமாணப் பத்திரம் கடைசி வரை வரவில்லை. அந்த மென்பொருள் வாங்கப்பட்டிருந்தால் அது பொதுப்பணத்தில்தான் வாங்கப்பட்டிருக்கும். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் அவை மக்களவை. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை என்பதால்தான் நீதிமன்றத்தின் மீது அவ்வளவு சுமை விழுந்தது.

அப்படியானால் அமெரிக்கா போல ஒரு நிரந்தரக் குழு இருந்திருந்தால்? அங்கே அது எப்படி வந்தது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1975 ஜனவரியில் செனட் சபை 82க்கு 4 என்ற வாக்குகளில், செனட்டர் பிராங்க் சர்ச் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மார்ட்டின் லூதர் கிங்கை எப்.பி.ஐ. எப்படித் துரத்தியது என்பதும், அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன, வெளிநாட்டிலிருந்து வந்த தந்திகளைத் தந்தி நிறுவனங்கள் 30 ஆண்டுகளாக உளவு அமைப்பிடம் ஒப்படைத்துவந்ததும் அந்தக் குழுவால் வெளிவந்தன. விளைவாக இரு அவைகளிலும் நிரந்தர உளவு மேற்பார்வைக் குழுக்கள் அமைந்தன. உள்நாட்டில் உளவுக்காக ஒட்டுக்கேட்க ஒரு தனி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1978இல் வந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அந்தச் சட்டத்தை ஓரம்கட்டிவிட்டு, நீதிமன்ற அனுமதியின்றி ஒட்டுக்கேட்க அதிபர் புஷ் உத்தரவிட்டார். சட்டம் இருந்தது, குழுவும் இருந்தது. குழுவின் துணைத் தலைவரான செனட்டர் ஜே ராக்ஃபெல்லருக்குத் தகவலும் தரப்பட்டது. 2003 ஜூலை 17 அன்று அந்த ரகசிய விளக்கக் கூட்டத்திலிருந்து திரும்பிய அவர், துணை அதிபர் டிக் செனிக்கு ஒரு கடிதம் எழுதினார், தம் கையாலேயே. தட்டச்சு செய்பவரிடம் கொடுத்தால்கூட ரகசியம் மீறப்பட்டதாகிவிடும். தாம் தொழில்நுட்ப வல்லுநரும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர் என்றும், தம் உதவியாளர்களையோ சட்ட ஆலோசகர்களையோ கலந்துபேச முடியாத நிலையில் இத்திட்டத்தைத் தம்மால் மதிப்பிடவே முடியவில்லை என்றும் அதில் அவர் எழுதினார். கடிதத்தின் ஒரு படியை உறையிட்டு முத்திரை வைத்து, குழுவின் பாதுகாப்பான அறையில் வைத்துக்கொண்டார். 2005 டிசம்பரில் ஒரு செய்தித்தாள் விஷயத்தை அம்பலப்படுத்திய பிறகுதான் அந்தக் கடிதம் வெளிச்சத்துக்கு வந்தது.

உலகின் மிக வலிமையான நாடாளுமன்றங்களுள் ஒன்றின் மூத்த உறுப்பினர், நடப்பது சரியல்ல என்று ஐயப்பட்டும், ஒரு தாளில் எழுதிப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய இயலாமல் நின்றார். இதை மேற்பார்வை என்று சொல்ல என்னால் இயலாது. ரகசியத்தில் பங்காளியாக்கி வாயைக் கட்டுவது நிர்வாகத்துக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. பின்னாளில் விஷயம் வெடித்தால், நாடாளுமன்றத்துக்குத் தெரிந்துதான் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து ஆண்டுகள் கழித்து இதே துயரம் வேறு வடிவில் நடந்தது. 2013 மார்ச் 12 அன்று செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தரவுகளைத் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் செனட் உளவுக் குழுவின் திறந்த விசாரணையில் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அது உண்மையல்ல என்பது குழு உறுப்பினர் என்ற முறையில் வைடனுக்குத் தெரியும். ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் அதை அங்கே சொல்ல அவரால் முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில், அந்த முகமையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள்தான் நாட்டுக்கு அதைச் சொல்லின. 2015இல் அந்த மொத்தத் தரவுத் திரட்டலைச் சட்டம் போட்டு நிறுத்தியதும் அதே நாடாளுமன்றம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. விஷயம் பொதுவெளிக்கு வந்தவுடன் அந்த அவைக்கு உயிர் வந்தது.

ஆகவே குழு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். அதோடு நிற்கக் கூடாது. நம்முடையது அமெரிக்காவைப் போல அதிபரும் அவையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் முறையும் அல்ல. பெரும்பான்மைக் கட்சிதான் அரசு. அதன் உறுப்பினர்கள்தான் குழுக்களிலும் பெரும்பான்மை. 2021 ஜூலையில் பதிவேட்டின் முன் நின்ற ஆளுங்கட்சி உறுப்பினரின் அரசியல் எதிர்காலம் அவர் விசாரிக்க வேண்டிய அரசின் கையில்தான் இருந்தது. பிரிட்டனும் நம்மைப் போன்ற முறை கொண்ட நாடு. அங்கே உளவு மற்றும் பாதுகாப்புக் குழு 1994 முதல் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 2013இல் அதன் அதிகாரம் கூட்டப்பட்டு, தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2020 ஜூலையில் பிரதமர் விரும்பியவரை விட்டுவிட்டு, ஆளுங்கட்சியின் ஜூலியன் லூயிஸ் எதிர்க்கட்சி வாக்குகளோடு தலைவரானார். கட்சி அவரை நாடாளுமன்ற அணியிலிருந்து நீக்கியது. ஆனால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த, ரஷ்யத் தலையீடு பற்றிய அறிக்கை அடுத்த சில நாள்களிலேயே வெளிவந்தது. அங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைச்சர் பிறப்பிக்கும் ஒட்டுக்கேட்பு ஆணையை ஒரு நீதித்துறை ஆணையரும் ஏற்க வேண்டும். எத்தனை ஆணைகள் என்ற எண்ணிக்கையும் ஆண்டுதோறும் அச்சாகிறது. அந்த எண்ணிக்கையால் எந்தத் தீவிரவாதியும் தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால், அரசியல்வாதியிடம் ரகசியம் தங்குமா என்ற கேள்வி உடனே எழும். அந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் உள்துறை அமைச்சரும் பிரதமரும் அரசியல்வாதிகள்தானே. ஒரு கட்சியின் அரசியல்வாதிகளிடம் இருக்கலாம் என்றால், இரு தரப்பையும் சேர்ந்த, ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்த ஏழெட்டுப் பேரிடம் ஏன் இருக்கக் கூடாது? முதலில் அந்த அமைப்புகளுக்கே ஒரு சட்டம் தேவை. 1887இல் தொடங்கிய ஐ.பி.க்கும் 1968இல் தொடங்கிய வெளிநாட்டு உளவு அமைப்பான ராவுக்கும் அவற்றின் அதிகாரத்தையும் எல்லையையும் வகுக்கும் நாடாளுமன்றச் சட்டம் இன்றும் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி 2011இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சி அப்படியே காலாவதியானது. சட்டம் இல்லாத அமைப்பைக் குழு எதை வைத்து அளக்கும்? குழுவின் தலைமை, பொதுக் கணக்குக் குழுவில் பல பத்தாண்டுகளாக இருக்கும் மரபைப் போல, எதிர்க்கட்சியிடம் இருக்க வேண்டும். கையெழுத்திட மறுத்துக் கூட்டத்தைக் கலைக்கும் வழி அடைக்கப்பட வேண்டும். ராக்ஃபெல்லரின் நிலை வராமலிருக்க, ரகசியம் பார்க்க அனுமதி பெற்ற சொந்த வழக்கறிஞர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் குழுவுக்கு வேண்டும். பொய் சொல்லப்பட்டது என்று தெரிந்தால், விவரத்தை வெளியிடாமலே அந்தப் பதில் உண்மையல்ல என்று அவையில் அறிவிக்கும் உரிமை வேண்டும். எனக்கு இதில் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் மாநில உள்துறைச் செயலாளர்களின் உத்தரவுகளை எந்தச் சட்டமன்றமும் பார்ப்பதில்லை.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு, எல்லாம் முடிந்த பிறகாவது, அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் சட்டத்தில் வர வேண்டும். ஜெர்மனியில், நோக்கம் கெடாத வரையில், கண்காணிப்பு முடிந்ததும் தெரிவிக்கச் சட்டமே சொல்கிறது. இது ஏன் முக்கியம் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு காட்டுகிறது. ஒரு லஞ்ச வழக்கு தொடர்பாக ஒரு நிறுவன நிர்வாகியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவை, 2025 ஜூலையில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். அங்கே பொது நெருக்கடியும் இல்லை, பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. மறுஆய்வுக் குழுவின் முன்பு அந்தப் பதிவுகள் வைக்கப்படவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க 14 ஆண்டுகள் ஆயின. கண்டுபிடிக்க முடிந்ததற்கும் காரணம், அந்தப் பேச்சை ஆதாரமாக்கி அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள் என்பதே. வழக்குத் தொடரப்படாதவர்களுக்கு உத்தரவின் நகல் வருவதில்லை, வழக்கறிஞர் வைக்கத் தேவை எழுவதில்லை, அவர்களுடைய கோப்பு அழிக்கப்படும் நாளும் அவர்களுக்குத் தெரிவதில்லை.